தலைநகர் ஆறு யாருடையது? வையைப் பாடல்களும் கெடிலப் பதிகங்களும்

ஆறும் நகரும் தமிழ் இலக்கியத்தில் ஒன்றை ஒன்று விட்டு நீங்காத பொருள்கள். பட்டினப்பாலை காவிரியின் பொய்யாமையைக் கூறித் தொடங்கிய பின்னரே புகாரின் வளத்தைக் கூறப் புகுகின்றது. மதுரைக்காஞ்சி பாண்டியன் தலைநகரைப் பாடுமிடத்து வையையின் துறைகளை மறவாது பாடுகின்றது. பிற்காலப் புராணங்களோ ஆற்றுப்படலம் இன்றி நகரப்படலம் இல்லை என்னுமளவிற்கு இதனை ஒரு மரபாகவே ஆக்கிக்கொண்டன. இம்மரபைப் பற்றி அறிஞர் பலர் எழுதியுள்ளனர். அவர்தம் எழுத்துகளை நோக்கின் இரண்டு நெறிகள் புலனாகும். ஆற்றைப் பற்றிய பாடல்களை இயற்கை வருணனை எனக்கொண்டு அவற்றின் உவமை நலத்தையும் சொல் நலத்தையும் எடுத்துக்காட்டுவது ஒரு நெறி. அவற்றைப் பழந்தமிழர் விழாக்கள், அணிகலன்கள், பூச்சுப்பொருள்கள் ஆகியவற்றிற்குரிய சான்றுத் தொகுதியாகக் கொள்வது மற்றொரு நெறி.

இவ்விரு நெறிகளும் பயனுடையன. எனினும் ஒரு வினாவை இரண்டுமே எழுப்பவில்லை. தலைநகரின் ஊடே ஓடும் ஆற்றைப் புலவன் யாருடையதாகக் காண்கின்றான் என்பதே அவ்வினா. ஆறு அரசனுடையதா, நகரத்து மக்களுடையதா, அன்றி இவ்விருவர்க்கும் மேற்பட்ட ஒருவருடையதா? இவ்வினாவிற்கு விடை காணாது ஆற்றுப்பாடலின் உவமை நலத்தை மட்டும் பேசுவோமாயின், ஆடையின் சாயத்தைப் புகழ்ந்து உடுத்தவரை மறந்தவராவோம். பரிபாடலின் வையைப் பாடல்களை முதன்மையாகவும், தேவாரத்தின் கெடிலப் பதிகங்களை ஒப்புமைக்காகவும் எடுத்துக்கொண்டு இவ்வினாவை ஈண்டு ஆராய்வோம். வையை பாண்டியர் தலைநகரின் ஆறு. கெடிலம் திருவதிகையையும் திருப்பாதிரிப்புலியூரையும் தழுவி இன்றைய கடலூர் நகரின் ஊடே சென்று கடலொடு கலக்கும் சிற்றாறு. பெருமையால் ஒவ்வாத இவ்விரண்டையும் ஒருங்கு வைத்து நோக்குவது ஏன் என்பது கட்டுரையின் போக்கில் விளங்கும்.

1. நூலின் நிலை

பரிபாடல் எழுபது பாடல்களைக் கொண்டிருந்தது என்பதும், அவற்றுள் வையைக்கு உரியவை இருபத்தாறு என்பதும், மதுரைக்கு உரியவை நான்கு என்பதும் பழைய வெண்பா ஒன்றால் அறியப்படுவன. டாக்டர் உ. வே. சாமிநாதையர் 1918ஆம் ஆண்டில் பரிமேலழகர் உரையுடன் இந்நூலை வெளியிட்டபோது கிடைத்த பாடல்கள் இருபத்திரண்டே. அவற்றுள் 6, 7, 10, 11, 12, 16, 20, 22 ஆகிய எட்டும் வையையைப் பற்றியன. இறுதியில் நிற்கும் 22ஆம் பாடல் சிதைவுற்றது. பாடினோர் பெயரும் அதற்கு இல்லை. மதுரையைப் பற்றிய பாடல்களுள் ஒன்றேனும் முழுமையாகக் கிடைத்திலது. பிற நூல்களின் வாயிலாகக் கிடைத்த சில பகுதிகள் மட்டும் பரிபாடல் திரட்டில் இடம்பெற்றுள்ளன.

இவ்வெண்ணிக்கையே ஓர் உண்மையை உணர்த்துகின்றது. தலைநகரைப் பாடிய பாடல்கள் நான்காக, அதன் ஆற்றைப் பாடியவை இருபத்தாறாக அமைந்தன. மதுரையைப் பாடுதற்குரிய சிறந்த வாயில் வையையே எனத் தொகுத்தோர் காலத்துப் புலவர் கருதினர் எனலாம். எஞ்சிய எட்டனுள் மூன்றை ஆசிரியர் நல்லந்துவனார் பாடியுள்ளார். கரும்பிள்ளைப் பூதனார், மையோடக் கோவனார், நல்வழுதியார், நல்லழிசியார் ஆகியோர் ஏனைய நான்கனைப் பாடியோர். புலவர் பலராயினும் பாட்டின் அமைப்பு பெரும்பாலும் ஒன்றே. மலையில் மழை பொழிகின்றது; வெள்ளம் மலைபடு பொருள்களை வாரிக்கொண்டு நகரை அடைகின்றது; மக்கள் விரைந்து துறைக்குச் செல்கின்றனர்; துறையில் காதலும் ஊடலும் நிகழ்கின்றன; வாழ்த்தோடு பாட்டு முடிகின்றது.

2. பெயர் பெற்ற ஒரே மாந்தர்

கலியும் பரிபாட்டும் அகப்பொருட்கு உரிய யாப்புகள் எனத் தொல்காப்பியம் கூறும். அகத்திணையில் ஒருவரைச் சுட்டி அவர் பெயரைக் கூறுதல் கூடாது என்பதும் அந்நூலின் விதியே. நெடுநல்வாடையில் வேப்பந்தாரைப் பற்றிய ஒரு குறிப்பு வந்தமையால் அப்பாட்டைப் புறமாகக் கொண்ட உரைமரபும் நாம் அறிந்ததே. இவ்விதியை நினைவிற்கொண்டு வையைப் பாடல்களை மீண்டும் படித்தல் வேண்டும். தலைவனுக்குப் பெயரில்லை, தலைவிக்குப் பெயரில்லை, பரத்தைக்கும் தோழிக்கும் பெயரில்லை. கூடல் என்னும் நகருக்கும் வையை என்னும் ஆற்றிற்குமே பெயர் உண்டு. ஆகவே பெயர் சுட்டப்பெறாத மாந்தர்க்கு நடுவே பெயர் சுட்டப்பெற்ற மாந்தர் போல வையை இயங்குகின்றது. அது வருகின்றது, புகுகின்றது, கொணர்கின்றது, கவர்கின்றது, காதலரைக் கூட்டுகின்றது, பிரிக்கவும் செய்கின்றது.

பாண்டியன் இப்பாடல்களில் வாரானோ எனின், வருகின்றான். வெள்ளத்தின் வரவையும் நீராடச் செல்வோர் செலவையும் படையெடுப்போடு இணைத்துக் காட்டுதல் இப்புலவர்க்கு விருப்பமான நெறி. ஆனால் அரசன் பெரும்பாலும் உவமையிலும் அடைமொழியிலுமே நிற்கின்றான். வினைமுதலாய் நிற்போர் ஆறும் நகர மக்களுமே. இவ்வேறுபாடு சிறிதெனத் தோன்றினும் திறனாய்வாளர்க்கு இன்றியமையாதது. புலவன் யாரைப் புகழ்கின்றான் என்பதை அடைமொழி காட்டும். யாரைப் பாடுகின்றான் என்பதை வினைச்சொல் காட்டும்.

படையெடுப்பு உவமையையே எடுத்துக்கொள்வோம். பகைவர் படை வரின் நகர மக்கள் மதிற்கதவை அடைப்பர். வையை வருகின்றது எனக் கேட்டவுடன் அவர்கள் இல்லத்தை விட்டு வெளியே ஓடிவருகின்றனர். யானை மேலும் குதிரை மேலும் ஊர்திகளிலும் செல்வோர் உளர். நடந்து செல்வோரும் உளர். அஞ்சத்தக்க ஒன்றை விருந்தெனக் கொள்ளும் நகரம் இது. இந்த முரணில்தான் வையைப் பாடல்களின் உயிர் உள்ளது. ஆற்றின் வலிமையை அரசனின் வலிமைக்கு ஒப்பாகக் கூறிவிட்டு, அவ்வலிமையைத் தம் களிப்பாக மாற்றிக்கொள்ளும் ஆற்றலை மக்களிடத்துக் காட்டுகின்றனர் புலவர்.

3. துறை என்னும் அவை

இருபதாம் பாடல் இதற்குச் சிறந்த சான்று. தலைவியின் அணிகலன்கள் காணாமற் போகின்றன. அவற்றைப் பரத்தை அணிந்து துறைக்கு வந்திருப்பதை மக்கள் காண்கின்றனர். கண்டோர் பேச, பரத்தை மறைய முயல்கின்றாள். தலைவியின் பக்கத்தார் அவளைத் தொடர்ந்து பழிக்கின்றனர். பரத்தையின் விடை கூர்மையானது. இவ்வணியை எனக்குக் கொடுத்தவன் உன் கணவன். கள்வன் யார் என்றால் அவனே என்பது அவள் கூற்றின் கருத்து. அதன்பின் முதிய மகளிர் தலைவிக்கு அமைதி கூறுகின்றனர்.

இக்காட்சியைப் பரத்தையர் ஒழுக்கத்தின் சான்றாக மட்டும் கொள்வது வழக்கம். யாம் அதனை ஒரு வழக்காகக் காண்கின்றோம். பொருள் காணாமற் போயிற்று, பொருள் கண்டெடுக்கப்பட்டது, சான்று கூறுவோர் உளர், குற்றம் சாட்டப்பட்டவள் தன் விடையைக் கூறுகின்றாள், உண்மைக் குற்றவாளி யார் என்பது வெளிப்படுகின்றது, சான்றோர் நிலையில் நின்று முதிய மகளிர் வழக்கை முடித்துவைக்கின்றனர். அறங்கூறு அவையத்திற்குப் பெயர் பெற்ற நகரம் மதுரை. அவ்வவையத்திற்குச் செல்லாத, செல்லவும் இயலாத ஒரு வழக்கு ஆற்றங்கரையில் நடந்து முடிகின்றது. வீட்டின் உள்ளே மறைத்து வைக்கக்கூடிய ஒன்றை மறைக்க முடியாதவாறு ஊர் முழுவதையும் ஓரிடத்திற்குக் கொண்டுவந்து நிறுத்துவது வையையின் வெள்ளமே. ஆகவே துறை நகரத்தின் பொது அவையாகின்றது. அவ்வவையில் அரசனுக்கு இருக்கை இல்லை.

ஆறாம் பாடலில் இவ்வுறவு மேலும் நுட்பமாகின்றது. புறத்தொழுக்கத்தினின்றும் மீண்ட தலைவனிடம் தலைவியின் நிலை கூறப்படுகின்றது. உடைந்த மடையை அடைத்த பின்னரும் நீர் கசிந்துகொண்டே இருக்கும். அதுபோல நீ வந்து சேர்ந்த பின்னரும் இவள் கண்ணீர் நிற்கவில்லை என்பது அங்கு அமைந்த உவமையின் பொருள். மடை உடைதலும் அதனை அடைத்தலும், அடைத்த இடத்தில் ஈரம் கசிதலும் ஆற்றோடு வாழ்வோர் அன்றாடம் அறிந்தவை. அரண்மனை மாடத்திலிருந்து ஆற்றைக் காண்பவனுக்குப் பரந்த வெள்ளம் தெரியும். அடைத்த மடையின் கசிவு தெரியாது. நீரைக் காத்து நிற்கும் மக்களின் கண்ணே இவ்வுவமையைக் கண்டது. ஒரு பெண்ணின் துன்பத்தை அளப்பதற்கு அரசனின் படையை அன்று, மடையின் கசிவையே நல்லந்துவனார் அளவுகோலாகக் கொண்டார் என்பது நோக்கற்பாலது.

திரட்டில் உள்ள வையைப் பாடற்பகுதி ஒன்று நகைச்சுவை பொருந்தியது. ஆற்றுநீரில் மது கலந்துவிட்டது எனப் பார்ப்பார் நீராடாது நீங்குகின்றனர். மணப்பொருள்கள் கலந்தன என்று அந்தணர் தோயாது விடுகின்றனர். தேன் கலந்து வழுவழுப்பாயிற்று என்று ஐயர் வாய்பூசாது விடுகின்றனர். தூய்மையை நாடுவோர்க்கு ஆற்றில் அன்று இடமில்லை. ஆனால் புலவன் ஆற்றைப் பழிக்கவுமில்லை, நீங்கியோரை இகழவுமில்லை. நகர மக்கள் தம் களிப்பால் ஆற்றை எவ்வளவு தமதாக்கிக்கொண்டனர் என்பதையே காட்டி அமைகின்றான்.

இவ்விடத்து ஒரு தடை எழலாம். வையை விழா செல்வர் விழா. பொன்னும் மணியும் உடையோர் களித்தது. அதனை மக்கள் அனைவரின் உரிமை என்பது எங்ஙனம் பொருந்தும் என வினவலாம். இத்தடை புறக்கணிக்கத்தக்கதன்று. உழுவோர் குரலும் மடை காப்போர் குரலும் இப்பாடல்களில் நேரே ஒலிப்பது குறைவு. எனினும் பத்தாம் பாடலில் இரு செய்திகள் அடுத்தடுத்து நிற்கின்றன. சங்கு, நண்டு, இறா, வாளை ஆகியவற்றின் உருவங்களை விதைப்பார் போல அலையில் இட்டு, விளைவு பெருகுக என மக்கள் வாழ்த்துகின்றனர். இல்லாதோர் தம் இழிவைத் தாமே கூறுமுன் அவர்க்கு வழங்குவோரும் அங்கு உளர். ஆற்றில் இடுவது விளைவு கருதி. கரையில் இடுவது இல்லாமை கருதி. பதினோராம் பாடலின் தைந்நீராடலில் தாயரோடு நின்று நோற்கும் கன்னியர் தம் காதல் நிறைவேறுதலை மட்டும் வேண்டவில்லை. நிலம் வெம்பாதிருக்க வேண்டும் என்றும் வாழ்த்துகின்றனர். செல்வர் களிப்பிற்கு அடியில் நீரின்றி வாழ இயலாத உலகைப் பற்றிய அச்சம் ஓடிக்கொண்டிருப்பதைப் புலவர் மறைத்திலர். அவ்வச்சம் செல்வர்க்கும் வறியவர்க்கும் பொது.

4. சிலம்பில் இரண்டு ஆறுகள்

ஆற்றை அரசனோடு பிணைக்கும் மரபும் தமிழில் உண்டு. அதற்குக் கானல்வரியே தலைசிறந்த சான்று. அங்குக் காவிரி சோழனுக்குரிய மங்கை. அவன் கங்கையையோ கன்னியையோ கூடினும் ஊடாதவள். அவன் செங்கோல் வளையாமையால் ஒழுகிச் செல்பவள். ஆற்றின் நடை அரசனின் கோலைச் சார்ந்தது என்னும் கருத்து இதனினும் அழகாகக் கூறப்பட்டதில்லை. ஆயினும் இளங்கோவடிகள் இப்பாடலை எங்கே வைத்தார் என்பதை நோக்குதல் வேண்டும். இதனைக் கேட்டே மாதவி கோவலன் மனம் பிறிதொருத்தியிடம் சென்றதாக எண்ணுகின்றாள். அங்கிருந்தே பிரிவு தொடங்குகின்றது. கணவன் எங்குச் சென்றாலும் ஊடாத ஆறு என்னும் புகழ்ச்சி, ஊடும் உரிமையுடைய ஒரு பெண்ணின் முன் நிற்க முடியவில்லை.

புறஞ்சேரி இறுத்த காதையில் வையை வருகின்றது. அதனைப் பாண்டியன் குலக்கொடியாகவே அடிகள் கூறுகின்றார். கண்ணகியும் கோவலனும் கவுந்தியடிகளும் கரையை அடையுங்கால், அவர்க்கு வரவிருக்கும் துன்பத்தை முன்னரே அறிந்தவள் போல வையை மலராடையால் தன்னை மறைத்துக் கண்ணீரை உள்ளடக்கிக் கொள்கின்றாள். வந்தோர் அறியாது மலர்ப்பெருக்கை வியக்கின்றனர். பெருந்துறையை விடுத்துப் புணையில் ஏறிக் கடக்கின்றனர். காவிரியின் நடை அரசனின் கோலைச் சார்ந்தது எனின், வையையின் கண்ணீர் அக்கோல் வளைவதற்கு முன்னரே பெருகியது. அரசன் அறியாத ஒன்றைத் தலைநகர் ஆறு அறிந்திருந்தது. குலக்கொடி என அரசனுக்கு உரிமையாக்கிய சொல்லாலேயே, அரசன் நிலையினின்றும் ஆற்றை அடிகள் வேறுபடுத்திவிட்டார். பரிபாடற் புலவர் துறையை மக்கள் அவையாகக் காட்டினர்; அடிகள் ஆற்றையே சான்றாக நிறுத்தினார். இரண்டற்கும் இடையே நேர்க்கோடு ஒன்று உண்டு என்பது எம் துணிபு.

5. கெடிலப் பதிகங்கள்

அரசனுக்கும் ஆற்றிற்கும் உள்ள தொடர்பு முற்றிலும் அறுந்து வேறோர் உரிமை தோன்றுமிடம் தேவாரம். திருமுனைப்பாடி நாட்டில் திருவாமூரில் தோன்றிய திருநாவுக்கரசர் சூலை நோயுற்றுத் தமக்கையார் திலகவதியாரை நாடித் திருவதிகைக்கு வந்து பாடிய பதிகம் நான்காம் திருமுறையின் முதற்கண் நிற்பது. அப்பதிகத்துப் பாடல்தோறும் இறுதியில் அதிகையும் கெடிலமும் வீரட்டானமும் சேர்ந்து வருகின்றன. ஆற்றின் பெயர் ஊரின் பெயரோடும் கோயிலின் பெயரோடும் பிரிக்க இயலாதவாறு ஒரு தொடராகிவிட்டது. நோயால் வருந்துபவன் தன்னை ஆள்பவன் இருக்கும் இடத்தைச் சுட்டும்போது ஆற்றையும் சேர்த்தே சுட்டுகின்றான்.

அதனை அடுத்து நிற்கும் இரண்டாம் பதிகம் எம் ஆய்வுக்கு இன்னும் இன்றியமையாதது. பல்லவ மன்னன் ஏவிய யானை தம்மை நோக்கி வந்தபோது நாவரசர் இதனைப் பாடினார் எனச் சேக்கிழார் கூறுவர். இப்பதிகத்தின் அமைப்பு உடைமைப் பட்டியல். சாந்து, மதிச்சூடாமணி, தோலாடை, விடை, அரவு முதலியவற்றை அடுக்கிச் சொல்லிக் கெடிலப் புனலையும் அவற்றோடு சேர்த்து, இவற்றையெல்லாம் உடைய ஒருவரின் சுற்றத்தார் யாம். ஆகவே அஞ்சத்தக்கது ஒன்றுமில்லை என்று பாடல்தோறும் முடிக்கின்றார்.

இப்பட்டியலைப் பக்திப் பெருக்கால் எழுந்த அடுக்கு எனக்கொண்டு செல்வோரே பலர். அதன் வடிவத்தை நோக்குவோமாயின் அஃது அரசர்க்குரிய வடிவம் என்பது புலனாகும். மலை, ஆறு, நாடு, ஊர், மாலை, குதிரை, யானை, முரசு, கொடி, ஆணை என்னும் பத்தையும் அரசன் உறுப்புகளாக எண்ணிப் பாடும் தசாங்க மரபைப் பாட்டியல் நூல்கள் பின்னர் இலக்கணமாக்கின. மணிவாசகர் திருத்தசாங்கத்தில் அதனை இறைவனுக்கு வெளிப்படையாகவே உரிமையாக்கினார். அங்கு இறைவனின் ஆறு ஆனந்தம். நாவரசரோ அவ்வாறு செய்திலர். அவர் சுட்டும் ஆறு கருத்துலகத்து ஆறன்று. தம் நாட்டில், தம் ஊர்க் கோயிலின் அருகே, மணலும் நீருமாக ஓடும் கெடிலம். யானையை ஏவும் அதிகாரம் அரசனுக்கு உண்டு, ஆனால் இவ்வாறு அவனுடையதன்று, இது வேறொருவருடையது, யாம் அவர் சுற்றம் என்பதே பதிகத்தின் வழக்கு. அரசன் உடைமையில் அரசனுக்கு முதன்மையான ஒன்றை அவன் கையிலிருந்து சொல்லால் மீட்ட செயல் இது.

வையைப் பாடல்கள் ஆற்றை அரசனின் உவமையில் நிறுத்தி மக்களின் வினையில் இயக்கின. கெடிலப் பதிகங்கள் அரசனின் பட்டியலை வாங்கி அதில் அரசன் பெயரை நீக்கிவிட்டன. முன்னதில் உரிமை களிப்பால் வந்தது. பின்னதில் அஞ்சாமையால் வந்தது. ஒற்றுமை யாதெனின், இரண்டிலும் ஆற்றின் அருகே நின்று பேசுபவர் அரியணையில் இருப்பவர் அல்லர்.

கல்லொடு கடலில் இடப்பட்ட நாவரசர் கரையேறிய இடம் திருப்பாதிரிப்புலியூர் என்பது பெரியபுராணச் செய்தி. கெடிலமும் கடலும் கூடும் பகுதியே அது. இக்கதையை உள்ளடக்கிய பெருங்காப்பியம் தில்லையில் ஆயிரக்கால் மண்டபத்தில் அநபாய சோழன் காலத்தில் அரங்கேறியது என்பது மரபு. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்திற்கும் இடையே அமைந்த சிதம்பரத்தில், சோழப் பேரரசன் முன்னிலையில், ஓர் அரசனுக்கு அஞ்சாது ஆற்றைத் தம் இறைவனுடையதாகக் கூறிய ஒருவரின் வரலாறு ஓதப்பட்டது என்பதை எண்ணுங்கால் இலக்கியத்தின் ஆற்றல் விளங்கும்.

6. பாடப்பெறாத தலைநகர்கள்

கெடிலக் கரைக்குத் தலைநகர் வாய்க்காமற் போகவில்லை. பதின்மூன்றாம் நூற்றாண்டில் காடவ மன்னன் கோப்பெருஞ்சிங்கன் தலைநகராகக் கொண்ட சேந்தமங்கலம் இவ்வாற்றை அடுத்தே உள்ளது. கி.பி. 1231ஆம் ஆண்டையொட்டி மூன்றாம் இராசராச சோழனை அவன் அங்குச் சிறைவைத்தான். போசள மன்னன் நரசிம்மன் தன் தண்டநாயகர் அப்பண்ணனையும் சமுத்திர கோப்பையனையும் அனுப்பிச் சோழனை மீட்ட செய்தியைத் திருவயிந்திரபுரக் கல்வெட்டு விரிவாகக் கூறும். அக்கல்வெட்டு உள்ள கோயிலும் கெடிலக் கரையிலேயே இருப்பது. தில்லைக் கோயிலின் தெற்குக் கோபுரம் சொக்கச்சீயன் திருநிலை எழுகோபுரம் எனப் பெயர் பெற்றது அம்மன்னனாலேயே. ஆற்றலும் செல்வமும் கலையார்வமும் அவனுக்குக் குறைவில்லை.

பிற்காலத்திலும் கெடிலத்தின் கழிமுகத்தை அடுத்துத் தேவனாம்பட்டினத்தில் இருந்த செயின்ட் டேவிட் கோட்டை, 1746இல் சென்னை பிரெஞ்சுக்காரர் கைப்பட்டபின் ஆங்கிலேயர்க்குச் சோழமண்டலக் கரையின் தலைமையிடமாயிற்று. 1752 வரை அந்நிலை நீடித்தது. 1758இல் பிரெஞ்சுப் படையால் அக்கோட்டை அழிவுற்றது.

இவ்விரு தலைமையிடங்களும் கெடிலத்திற்குப் புகழ் சேர்த்தனவா? சேந்தமங்கலத்துக் கெடிலத்திற்குப் பரிபாடல் போலும் ஓர் இலக்கியம் எழுந்திலது; கோட்டையை ஆண்டோர்க்கு ஆறு கப்பலுக்கும் காவலுக்கும் உரிய நீர்வழியாகவே அமைந்தது. கெடிலம் என்றவுடன் தமிழ் கற்றோர் நெஞ்சில் தோன்றுவன அதிகையும் புலியூருமே. அரசிருக்கை இருந்தமையால் மட்டும் ஓர் ஆறு தலைநகர் ஆறாகி இலக்கியத்தில் நிலைபெறுவதில்லை என்பதற்கு இதனினும் தெளிவான எடுத்துக்காட்டு வேண்டா. ஆற்றை எம்முடையது என்று கூறும் குரல் கரையில் எழ வேண்டும். மதுரையில் அக்குரல் துறையில் எழுந்தது. அதிகையில் கோயில் வாயிலில் எழுந்தது. சேந்தமங்கலத்தில் எழுந்ததற்குச் சான்றாக ஒரு பாடலும் நம் கைக்கு எட்டவில்லை. கிடையாத நூல்களைப் பற்றி முடிவு கூறுதல் ஆய்வு நெறியாகாது. ஆயினும் கிடைத்தவற்றின் துணைகொண்டு இவ்வளவு கூறலாம்.

7. முடிபு

இவ்வாய்வால் பெறப்படுவன மூன்று. ஒன்று, வையைப் பாடல்கள் இயற்கை வருணனை என்னும் பெயருக்குள் அடங்கா; பெயரற்ற மாந்தர்க்கு நடுவே பெயருடைய மாந்தராக ஆற்றை நிறுத்தி, நகரத்தின் பொது வாழ்வை அதன் கரையில் விசாரணைக்கு உட்படுத்துவன. இரண்டு, அரசனையும் ஆற்றையும் பிணைக்கும் கானல்வரி மரபு சிலப்பதிகாரத்திற்குள்ளேயே வையைக் காட்சியால் திருத்தம் பெறுகின்றது. மூன்று, நாவரசரின் கெடிலப் பதிகம் அரசர்க்குரிய உடைமைப் பட்டியலின் வடிவை மேற்கொண்டு அரச ஆணையை மறுக்கின்றது. தசாங்க இலக்கிய வரலாற்றை எழுதுவோர் இதனைப் புறத்தே விடுதல் ஆகாது.

ஆராய்ச்சி மாணவர்க்கு இதனால் ஒரு நெறி கிடைக்கும். ஆற்றுப்பாடல் எதனைக் கற்பினும் முதலில் வினைச்சொற்களைத் தனியே எழுதிக்கொள்க. யார் வருகின்றனர், யார் தடுக்கின்றனர், யார் பேசுகின்றனர், யார் பேசாதிருக்கின்றனர் என்பதைக் குறித்துக்கொள்க. அதன் பின்னரே உவமைகளுக்குச் செல்க. கொள்ளிடம், பெண்ணை, பொருநை ஆகியவற்றைப் பற்றிய பாடல்களும் சிற்றிலக்கியங்களும் இந்நோக்கில் இன்னும் ஆராயப்பட வேண்டியவை.

வையைப் பாடல்கள் காட்டும் வெள்ளம் இன்று மதுரையில் அரிதாகிவிட்டது. பெரியாற்று நீர் 1895 முதல் மலையைக் குடைந்த வழியாக வையைப் படுகைக்கு வருகின்றது. 1959இல் வைகை அணை திறக்கப்பெற்றது. மதகும் அணையும் நீரின் வரவைக் கணக்கிட்டு விடுகின்றன. மறுபுறம், அவ்வாற்றின் கரைப்பகுதியில் கீழடியில் 2015ஆம் ஆண்டு முதல் நிகழ்ந்த அகழாய்வுகள் செங்கற் கட்டடங்களையும் தமிழிப் பொறிப்புடைய பானையோடுகளையும் வெளிக்கொணர்ந்துள்ளன; அவற்றின் காலம் கி.மு. ஆறாம் நூற்றாண்டு வரை செல்லும் எனத் தமிழ்நாட்டுத் தொல்லியல் துறை 2019இல் அறிவித்தது. அப்பானையோடுகளில் பொறிக்கப்பட்டவற்றுள் தனி மக்கள் பெயர்களும் உள. அகப்பாட்டின் விதியால் பெயர் மறைந்து நின்ற வையைக் கரை மக்களுட் சிலரின் பெயர் மண்ணிலிருந்து வெளிவருகின்றது. தொல்லியல் அப்பெயர்களைத் தரும். அவர்கள் ஆற்றைத் தம்முடையதாகக் கொண்டு எங்ஙனம் களித்தனர், எதற்கு அஞ்சினர், யாரிடம் ஊடினர் என்பதைப் பரிபாடல் தரும். பெயரையும் வாழ்வையும் ஒருங்கு சேர்த்துக் காணும் பணி தமிழ் ஆய்வாளரைச் சார்ந்தது.